யாரும் இடிக்காத ஆட்டம்

பந்து ரோஸ்லின் காலுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒதுங்கினார்கள்.

எதிர்ப்பக்கம் நின்றிருந்த கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விளையாட்டா இது?

ஷர்மி பந்தோடு வேகமாக வருகிறாள். ரோஸ்லினைக் கண்டதும் சுற்றிக்கொண்டு போகிறாள். ஹெடருக்கு எகிற வேண்டிய இடத்தில் கல்பனா தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. கைக்குழந்தை தூங்கும் அறைக்குள் நடப்பதுபோல மொத்தப் பேரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

பாசமாம், பாசம்.

ஃபுட்பால் கிளப்பின் கேப்டன் அவள். இரண்டு பக்கமும் சொந்தப் பிள்ளைகளே ஆடும் பயிற்சி ஆட்டம்தான். ஆனால் இன்றைக்கு வைத்தது ரோஸ்லினுக்காக.

ரோஸ்லின் முன்பு இங்கே டிஃபென்ஸில் ஆடியவள். வலது முட்டி போயிற்று. ஆபரேஷன் செய்து திரும்பி வந்தாள். வந்த முதல் மேட்சிலேயே அதே முட்டி மறுபடியும் போயிற்று. அதோடு கிளப்பை விட்டே போனாள்.

இப்போது வந்து நிற்கிறாள், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று.

லீக்குக்குப் பெயர் கொடுக்க நாளைக்குக் கடைசி. மிச்சம் இருப்பது ஒரே இடம். இவளைச் சேர்த்து, பாதியில் முட்டி கைவிட்டால், வேறு ஆள் எடுக்க முடியாது. சீசன் முழுக்க ஓட்டை டிஃபென்ஸோடு அடி வாங்கவேண்டியதுதான்.

பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் அந்த முடிவை நைசாகக் கேப்டன் தலையில் கட்டிவிட்டார். பக்கத்தில் நின்று ஆடப்போகிறவள் நீதானே, நீயே பார்த்துச் சொல்லிவிடு என்று.

என்னத்தைப் பார்ப்பது?

தண்ணீர் குடிக்க விட்டபோது ரோஸ்லின் உட்காரவில்லை. நின்றபடியே குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கேப்டன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னிக்கு ஒருத்திகூட என்னை இடிக்கலடி."



கேப்டன் பாட்டிலை வாங்கி மூடி வைத்தாள். லேஸை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். மைதானத்தில் இறங்கினாள்.

ரோஸ்லினிடம் பந்து வந்தது.

கேப்டன் ஒதுங்கவில்லை.

தோளோடு தோள். வழக்கமாக எதிர் டீம்காரிக்கு எப்படிக் கொடுப்பாளோ அப்படியே கொடுத்தாள். பந்து அவளோடு வந்துவிட்டது. ரோஸ்லின் ஒரு சுற்றுச் சுற்றி, நேற்றைய மழைச் சேற்றில் போய் விழுந்தாள்.

"ஐயோ!" என்றது கோல்போஸ்ட் பக்கமிருந்து ஒரு குரல்.

ஆட்டம் நின்றுவிட்டது. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை.

இந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தள்ளியவள்தான் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். எதிர் டீமாக இருந்தாலும், எவ்வளவு கடுப்பில் இருந்தாலும், கை கொடுக்காமல் நகரக்கூடாது. மாஸ்டர் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

அவளுக்குக் கை பரபரத்தது.

இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

வலி ஸ்ப்ரேயைத் தூக்கிக்கொண்டு ஷர்மி ஓடிவந்தாள். கேப்டன் பார்த்த பார்வையில் பாதி வழியிலேயே நின்றாள். கல்பனா வாய்விட்டே திட்டினாள். திட்டட்டும். இந்த ஒரு தடவை இவளைத் தூக்கிவிடலாம். மேட்சில் யார் வந்து தூக்குவார்கள்?

எழுந்திருடி.

வாயைத் திறந்து சொல்லவில்லை. தானே அந்த முட்டியை முடித்துவைத்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

ரோஸ்லின் புரண்டாள். கையை ஊன்றினாள். எழுந்தாள்.

முட்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அவளை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அம்மாடி! அந்த முறைப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

ஆட்டம் தொடர்ந்தது. இப்போது ஷர்மியும் இடித்தாள். கல்பனாவும் எகிறினாள்.

கடைசியில் கேப்டனுக்கே ஒரு பந்து வந்தது. எதிரே ரோஸ்லின் மட்டும்.

ரோஸ்லினைத் தாண்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியாதா? ரோஸ்லினுக்கு எல்லாமே வலது கால்தான். இடது கால் பஸ் ஏறுவதற்கு மட்டும் என்று கிளப்பே கிண்டலடிக்கும். இடது பக்கம் தட்டிவிட்டு ஓடினால் போதும்.

தட்டிவிட்டாள்.

இடது கால் நீண்டு வந்தது.

பந்தைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு போனது. கேப்டனுக்குக் கால் தடுக்கி, குப்புற விழுந்து, வாயெல்லாம் சேறு.

படுத்தபடியே கிடந்தாள். அந்தக் காலுக்கு அது எப்படி வந்தது? எந்தச் சுவரில், யாருக்கும் தெரியாமல், தினமும் பந்தடித்து அடித்துப் பழக்கினாள் பாவி?

முகத்துக்கு நேரே ஒரு கை நீண்டது.

பிடித்துக்கொண்டாள். தன் எடையில் கொஞ்சத்தைக்கூட மிச்சம் வைக்காமல் முழுசாக அந்தக் கையில் போட்டாள். ரோஸ்லின் அசையாமல் நின்று இழுத்துத் தூக்கினாள்.

ரோஸ்லின் பந்தை எடுக்கப் போய்விட்டாள்.

மாஸ்டர் கோட்டோரமாக வந்து நின்று, குரலைத் தணித்துக் கேட்டார்.

"என்னம்மா சொல்ற? கால் தாங்குமா?"

அவள் வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள்.

"எந்தக் காலு மாஸ்டர்? அவளுக்கு இப்ப ரெண்டும் காலுதான், பேரைக் கொடுத்துருங்க."