சிரிப்புப் படம்

“பிலிப் இறந்து பதினோரு நாள் ஆகிவிட்டது, டென்னிஸ். இன்னும் எத்தனை நாள் மறைப்பது?”

டென்னிஸின் மனைவி ஜாய் இதை ஆங்கிலத்தில் கேட்டாள். அதனால் குரலைத் தாழ்த்தவில்லை. இரண்டடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து, டென்னிஸின் அம்மா ஞானம் டிவி ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. டாக்டர் அதிர்ச்சி கூடவே கூடாது என்றார்,” டென்னிஸும் ஆங்கிலத்திலேயே சொன்னான். “செவ்வாய்க்கிழமை செக்கப் முடியட்டும்.”

அமெரிக்காவில், காப்பெல் ஊரில், அந்த வீட்டின் வழக்கம் இது. அம்மாவுக்குத் தெரியக் கூடாதது எல்லாம் ஆங்கிலம். ஞானம் வால்பாறையில் முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு துரைசாணியின் பங்களாவில் எடுபிடி வேலை. ஆஸ்பத்திரிப் படிவத்தில், ஆங்கிலம் தெரியுமா என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று நிரப்பியது டென்னிஸ்தான்.

பிலிப் அவனுடைய அண்ணன். பத்தாவதோடு படிப்பை விட்டு, மூட்டை சுமந்து தம்பியை இன்ஜினியராக்கியவன். வால்பாறையில் எஸ்டேட் டிராக்டர் வளைவில் கவிழ்ந்தது. கொழுந்து மூட்டைகளுக்கு அடியில் அவன் கிடந்தான். அடக்கத்தை டென்னிஸ் கராஜில் நின்று, காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, போனில் பார்த்தான்.

ஞானத்தின் போனை ரிப்பேர் என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டார்கள். இரண்டு ஞாயிறாகக் கோயிலுக்கும் கூட்டிப் போகவில்லை. யாராவது ஒரு ஆன்ட்டி கட்டிப்பிடித்து அழுதுவிட்டால்?

முதலில் இரண்டு நாள் அவள் கேட்டாள்: “பெரியவன் பேசலியாடா?”

“அங்க மழைம்மா. டவர் இல்லையாம்.”

அதற்குப் பிறகு கேட்கவில்லை.

“அத்தை இப்போதெல்லாம் அவரைப் பற்றிக் கேட்பதே இல்லை, கவனித்தாயா?” என்றாள் ஜாய்.

“மாத்திரை மயக்கம். நல்லதுதான்.”

“டென்னிசு, இதப் போடு,” என்றாள் ஞானம்.

திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். பெரிய கட்டிலில், லேஸ் வைத்த தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி. கீழே, நாவலைத் தழுவிய பிரிட்டிஷ் நகைச்சுவை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

“அம்மா, இது உனக்குப் புரியாதும்மா. தமிழ்ப் படம் போடறேன்.”

“புரியாட்டி என்னடா? அந்தக் கெழவி மூஞ்சியப் பாத்தாலே சிரிப்பு வருது. போடு.”

போட்டான். அம்மா சிரித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

இருபது நிமிஷம் ஓடியிருக்கும். முறுக்கை வாய்க்குக் கொண்டுபோன ஜாயின் கை அப்படியே நின்றது.

படத்தில் கிழவியின் மூத்த மகன் குதிரையிலிருந்து விழுந்து செத்துப்போனான். தெரிந்தால் கிழவியும் போய்விடுவாள் என்று குடும்பமே அதை மறைக்கிறது. செத்தவனின் கோட்டைத் தோட்டக்காரனுக்கு மாட்டி, இருட்டு மூலையில் உட்கார வைக்கிறார்கள்.

“நிறுத்து, டென்னிஸ்! உடனே நிறுத்து!” ஜாய் ஆங்கிலத்தில் பதறினாள்.

டென்னிஸ் ரிமோட்டைத் தொடவில்லை. “நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். ஒரு வார்த்தைகூடப் புரியாது. சும்மா இரு.”

“எனக்கு மூச்சு அடைக்கிறது.”

“என்னடி ஜாய், மொகம் வெளுத்துப் போச்சு? நெஞ்சு வலி எனக்கா, ஒனக்கா?” என்றாள் ஞானம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்ணுமில்ல அத்தை. முறுக்கு காரம்.”

படத்தில் தோட்டக்காரன் இருமினான். அவன் குரல் வெளியே தெரியாமல் இருக்க, மொத்தக் குடும்பமும் சேர்ந்து இருமியது. ஞானம் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் வழிந்த தண்ணீரை, தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி கிழித்த தழும்புள்ள கையால் துடைத்துக்கொண்டாள்.

“பார்த்தாயா? எப்படிச் சிரிக்கிறாள். இதயத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை,” டென்னிஸ் ஆங்கிலத்தில் சொன்னான். அவனுக்கே கொஞ்சம் உயிர் வந்தது.

“உன் அண்ணன் செத்ததற்குச் சிரிப்பதைப் போல இருக்கிறது,” என்றாள் ஜாய்.

“வாயை மூடு.”

கடைசியில், குடித்துவிட்டு வந்த டாக்டர் உளறிக் கொட்டினார். விஷயம் தெரிந்ததும் கிழவி ஒரு கத்து கத்தி, கட்டிலில் மல்லாக்க விழுந்தாள். தொப்பி ஒரு பக்கம் பறந்தது. பின்னால் பாண்டு வாத்தியம் முழங்கியது. படம் முடிந்தது.

டென்னிஸ் பெருமூச்சு விட்டு ரிமோட்டை எடுத்தான்.

“நல்லா சிரிச்சியாம்மா?”

“கடைசியக் கெடுத்துட்டானுங்கடா.” ஞானம் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். “கண்ணு மங்கின காலத்துல துரைசாணிக்கு இந்தப் புஸ்தகத்த நான்தான் ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினேன். அதுல இப்படி இல்ல.”

ரிமோட் டென்னிஸின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஜாய் எழுந்து நின்றுவிட்டாள்.

ஞானம் மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

“புஸ்தகத்துல அந்தத் தாய்க்காரிக்கு மொத நாளே தெரியும், டென்னிசு. மிச்சமிருக்கற பிள்ளை எப்ப வாயத் தொறந்து சொல்லுவான், அவனக் கட்டிக்கிட்டு ஒரு பாட்டம் அழலாம்னு, ஒண்ணும் தெரியாத மாதிரி காத்துக்கிட்டே கெடப்பா.”