மூடி

கடப்பாரை நெம்ப நெம்ப மரப்பெட்டியின் ஆணிகள் கத்திக்கொண்டே கழல்கின்றன. கப்பலில் வந்த பழைய எலக்ட்ரிக் பியானோ, பிள்ளைத்தாச்சியைப் போலப் பத்திரமாக வந்திருக்கிறது. சுற்றிய பஞ்சில் ஒரு கிழிசல்கூட இல்லை. "கப்பல்காரனுங்கதான் போட்டு உடைச்சிருக்கானுங்க" என்று பியானோவின் சொந்தக்காரர் பல்லைக் கடிக்கிறார். பியானோ மூடியைத் தாங்கும் கம்பி முறிந்து கிடக்கிறது. "அக்கா, இதைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்கிறான் மெக்கானிக். சொந்தக்காரரின் மனைவி இடது கையால் தூக்குகிறாள். இரும்புக் கனம் கனக்கிறது; கோட்டுப் பைக்குள் ஒளிந்திருந்த வலது கையும் வெளியே வர வேண்டியதாகிறது. மூடிக்கு அடியில் நொறுங்கிய பியானோக் கட்டைகள் நாலு. அவள் கையில் வளைந்து தடித்த விரல்கள் நாலு. கட்டைகளின் சந்திலிருந்து மெக்கானிக்கின் இடுக்கி ஒரு நகத்தைக் கவ்வி எடுக்கிறது, முழு நகம், சிவப்புச் சாயம் பாதி உரிந்தது. விளக்கடியில் அது மினுங்குகிறது. "குப்பையை எதுக்குப்பா நோண்டுற? இங்க பாரு, இதுலதான் சத்தம் வரல" என்று சொந்தக்காரர் ஐந்து விரல்களையும் கட்டைகள் மேல் பரப்பி அழுத்துகிறார். மூடியின் விளிம்பில் அவள் பிடி தளர்கிறது. அவள் மெக்கானிக்கைப் பார்க்கிறாள். 'கையை எடுங்க சார்' என்று சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அவன் குனிந்து இடுக்கியைத் துடைக்கிறான்.