விட்டுவைத்த அடி

ஒரே ஒரு பாட்டுதான் கேட்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். ரெக்கே இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பதற்காக மகள் ஜெனிட்டா நர்சிங் படிப்பை விட்ட நாளிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. அவரும் கல்யாண பேண்டில் டிரம் அடித்தவர்தான். குழுவின் முதல் ஆல்பத்தை அவள் ஓடவிட்டாள்.

"முதல் அடி எங்கடி? ஒவ்வொரு சுத்துலயும் விட்டுப்போகுது."

"ரெக்கேல அதை வேணும்னேதான் விடுவோம்ப்பா."

"யாருக்கு விட்டுவைக்கிறீங்க?"

பாட்டு முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த பாட்டில், அவள் விட்டிருந்த இடங்களிலெல்லாம் அவருடைய சோற்று விரல் தட்டின் விளிம்பில் விழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ரசக் கரண்டியைப் பிடித்தபடி அவள் நின்றாள், ஊற்றவில்லை.