இடக்கைக்காரி யார்?

“அது நான்தான்னு போட்டுடுங்க” என்றார் கவிஞரின் மனைவி.

அடிக்குறிப்பாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிப்பகத்தில் அவருக்கு அதுதான் பட்டப்பெயர். யாரோ எழுதிய புத்தகங்களுக்குப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் விளக்கம் எழுதியே தலை நரைத்தவர். மறைந்த கவிஞரின் மொத்தக் கவிதைகளுக்கும் குறிப்பு எழுதி முடித்து, அச்சுக்குப் போகும் முன் ஒரு பார்வை பார்க்கச் சொல்லி மெய்ப்புத் தாள்களை அந்த அம்மாளுக்கு அனுப்பியிருந்தார். அம்மாள் அந்தத் தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு பதிப்பகத்துக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

வில்லங்கம் ஒரே ஒரு குறிப்பில்தான். கவிஞரின் காதல் கவிதைகளில் எல்லாம் ‘இடக்கைக்காரி’ என்று ஒருத்தி வருவாள். யார் அவள் என்று படிக்கிறவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கவிஞர் இளவயதில் வேலை பார்த்த தபால் நிலையத்தின் பழைய ஊழியர்களை வீடு வீடாகத் தேடிப் போய் விசாரித்துக் கண்டுபிடித்தவர் அடிக்குறிப்பார். பெயரைப் போடவில்லை. ‘கவிஞருடன் பணியாற்றியவர், அந்த அலுவலகத்தில் இடது கையால் முத்திரை குத்திய ஒரே பெண்’ என்று மட்டும் எழுதியிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

“நீங்க தபால் ஆபீஸ்ல வேலை பார்க்கலையேம்மா.”

“அதை எடுத்துடுங்க. ‘கவிஞரின் மனைவி’ன்னு ரெண்டே வார்த்தை போதும்.”

“நீங்க எழுதுறது வலது கையாலதானே?”

“சின்ன வயசுல இடது கைன்னு வச்சுக்குங்க. அவரா எழுந்து வந்து இல்லேன்னு சொல்லப்போறார்?”

அடிக்குறிப்பாருக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் இப்படி ஒரு ஆசையா! எங்கோ இருக்கும் ஒருத்தியின் காதலைப் பட்டப்பகலில் பறித்துக்கொள்ளப் பார்க்கிறாரே இந்த அம்மாள் என்று எரிச்சலாக வந்தது.

“கவிதையில பொய் இருக்கலாம்மா. குறிப்புல இருக்கக் கூடாது. படிக்கிறவங்க என்னை நம்பித்தான் கண்ணைக் கீழே இறக்குறாங்க.”

“சரிதான் தம்பி. ஆனா நான் கையெழுத்துப் போட்டாத்தானே புத்தகமே வரும்?”

அடிக்குறிப்பார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதிப்பாளரைப் பார்த்தார். பதிப்பாளர் ஜன்னலைப் பார்த்தார்.

“போட்டுத் தொலைங்க சார்” என்றார் பதிப்பாளர், ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமலே. “உரிமை அவங்க கையில. முரண்டு பிடிச்சீங்கன்னா உங்க உழைப்பு மொத்தமும் பரணுக்குத்தான் போகும்.”

வருஷக்கணக்கான உழைப்பு அது. அடிக்குறிப்பாருக்கு அழுகை வராத குறை. அந்த ஆற்றாமையில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டார்.

“உங்களைப் பத்தி அவர் ஒரு வரிகூட எழுதலம்மா. நான் எல்லாத்தையும் தேடிப் பார்த்துட்டேன்.”

“தெரியும் தம்பி” என்றார் அந்த அம்மாள். “நானும் தேடினேன்.”

பிறகு அடிக்குறிப்பார் சிவப்புப் பேனாவை எடுத்தார். தபால் நிலையத்தை அடித்தார். முத்திரையை அடித்தார். ‘கவிஞரின் மனைவி’ என்று எழுதும்போது கை ஓடவே இல்லை. இத்தனை காலத்தில் தெரிந்தே அவர் எழுதிய முதல் பொய் அது. அம்மாள் கையெழுத்துப் போட்டார்.

“திருப்திதானே?” என்றார் அடிக்குறிப்பார், குத்தலாக. “இனிமே ஊரெல்லாம் உங்களைத்தான் இடக்கைக்காரின்னு கொண்டாடும்.”

“ஆமா. மேடையில ஏத்துவாங்க. கொடுத்துவச்சவங்கன்னு சொல்லுவாங்க. அவ்வளவையும் கேட்டுக்கிட்டு நான் சிரிச்ச முகமா உட்கார்ந்திருக்கணும். அதை நினைச்சாலே இப்பவே எழுந்து ஓடிடலாம்போல இருக்கு தம்பி.”

“அப்புறம் எதுக்கும்மா இந்த வேலை?”

அம்மாள் பேனாவை மூடினார். மூடி சரியாக உட்கார மறுத்தது.

“உங்க குறிப்பைப் படிச்ச பிறகுதான் எனக்கே அவ யாருன்னு தெரிஞ்சுது. விசாரிச்சுக்கிட்டு அவ வீட்டுக்கே போனேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கணும்னுதான் போனேன். கதவைத் திறந்தவ என் முகத்தைப் பார்த்ததும் நின்ன இடத்துலயே உட்கார்ந்துட்டா. கேட்க வந்ததை விட்டுட்டு அவளைத் தூக்கி விட்டேன்.”

அடிக்குறிப்பார் நிமிர்ந்தார்.

“உள்ளே அவ புருஷன் படுத்திருக்கார். கண்ணு சுத்தமா தெரியாது. இனிமே எழுந்திருக்க மாட்டார்னும் சொல்லிட்டாங்களாம். மகதான் பக்கத்துல உட்கார்ந்து சத்தமா படிச்சுக் காட்டிக்கிட்டிருந்தா. இவரோட கவிதையைத்தான். ஆனா கவிதையை ரசிச்சுக் கேட்கிற முகமா அது இல்ல தம்பி.”

அம்மாள் மேஜையில் கிடந்த மெய்ப்புத் தாள்களை அடுக்கி நேராக்கினார்.

“அந்தப் பொண்ணு ஒண்ணும் தெரியாம, கவிஞர் சம்சாரம்னு மட்டும் அடையாளம் கண்டுக்கிட்டு ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘விளக்கம் எல்லாம் போட்டுப் புதுப் புத்தகம் வருதாமே, எப்பம்மா வரும்? இடக்கைக்காரி யாருன்னு தெரிஞ்சுக்காம கண்ணை மூட மாட்டேன்னு அப்பா உயிரைப் பிடிச்சு வச்சிருக்கார்’னு என்கிட்டயே கேட்டா.”