வீட்டுக்குப் பொறுப்பானவர்

"முன்னப்பின்ன தெரியாத ஆளையெல்லாம் உள்ள விட, இது என்ன வீடா சத்திரமா?"

சாய்வு நாற்காலியில் இருந்தபடியே பெரியவர் போட்ட சத்தத்தில், தையல்காரரின் கால் மெஷின் மிதியிலிருந்து தானாக இறங்கியது.

வாசலில் ஓர் இளம்பெண். தோளில் ஒரு பெண் குழந்தை, காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தது. வந்த பஸ் வழியிலேயே பழுதாகி நின்றுவிட்டது. அடுத்த பஸ் காலையில்தான். துணைக்கு ஆம்பளை இல்லாமல் ரூம் தர மாட்டோம் என்று தெருமுனை லாட்ஜில் சொல்லிவிட்டார்கள். தெருவில் இருந்த மற்ற கதவுகள் அதைக்கூடச் சொல்லவில்லை.

தையல்காரரின் மனைவி குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அனலாக் கொதிக்குது மாமா. ஒரு ராத்திரிதானே?"

"ஒரு ராத்திரியா?" பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. காலையில ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்பாங்க. அப்புறம், வெயில் தாழட்டும்பாங்க. அதுக்கப்புறம் நீ தலைகீழா நின்னாலும் கிளப்ப முடியாது. அனுபவத்துல சொல்றேன்!"

வாசலில் நின்றவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ யாரு என்னன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"கையில இந்தப் பை ஒண்ணுதாங்க இருக்கு. வேணும்னா பார்த்துக்கங்க."

"பையைப் பார்த்து என்ன பண்றது? திருட வர்றவன் பெட்டியோடவா வருவான்? சும்மாதான் வருவான். போகும்போதுதான் பெட்டி!"

தையல்காரர் மெல்ல வாயைத் திறந்தார். "வாசல்ல நிக்கிறவங்களை எப்படிங்க போகச் சொல்றது? போன ஞாயித்துக்கிழமைகூட சர்ச்ல பாஸ்டர்..."

"பிரசங்கத்தை சர்ச்ல கேட்டுட்டு சர்ச்லயே விட்டுட்டு வரணும். வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தா இப்படித்தான் ஆகும். ஆண்டவர் அன்பா இருக்கச் சொன்னார், இல்லேங்கல. ஏமாளியா இருக்கச் சொன்னாரா?"

தையல்காரருக்குக் காது சிவந்தது. ஊசியில் ஏற்கெனவே கோத்திருந்த நூலை உருவி, மறுபடியும் கோத்தார். அவருடைய கோபம் பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடும்.

"பரவாயில்லைங்க. நான் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துக்கிறேன்," என்றாள் இளம்பெண்.

"விவரமான பொண்ணு!" பெரியவர் மனதாரப் பாராட்டினார். "கதவைச் சாத்தும்மா, கொசு வருது."

மனைவி கதவைச் சாத்தவில்லை. குழந்தையைத் தன் தோளுக்கு வாங்கிக்கொண்டாள். "நீங்க உள்ள வாங்க."

"எங்க படுக்க வைப்ப? இருக்கிறதே ரெண்டு ரூம். என் ரூமைக் கேட்டா நடக்கிறதே வேற!"

"உங்க ரூமை யார் கேட்டா? இவங்க எங்க ரூம்ல படுக்கட்டும். நாங்க மெஷின் பக்கத்துல பாயை விரிச்சுக்கிறோம்."

"நல்லாருக்கு நியாயம்!" பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "வாயில்லாப் பூச்சியா ரெண்டு பேர் இருக்கீங்க பாரு! நான் ஒருத்தன் காவலுக்கு இல்லேன்னா, வர்றவன் போறவன் எல்லாம் உங்க தலையில மிளகாய் அரைச்சிட்டுப் போயிருப்பான். எனக்கு ராத்திரிக்குச் சாப்பாடு வேண்டாம், கோபமா இருக்கேன். ரூமுக்குக் கொண்டு வந்து வெச்சிடுங்க."

அறைக் கதவு படாரென்று மூடியது.

மனைவி ஒரு துண்டுத் துணியை நனைத்துக் குழந்தையின் நெற்றியில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டது. அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த இளம்பெண் முந்தானையால் முகத்தை மூடி அழுது தீர்த்தாள்.

"என்னால உங்க குடும்பத்துல சண்டைங்கக்கா," என்றாள் பிறகு. "பெரியவங்கன்னா நாலையும் யோசிச்சுத்தான் பேசுவாங்க. உங்க மாமனாருங்களா?"

மனைவி, மூடியிருந்த அறைக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமனாரா? போன மழைக்காலத்துல, மழை விட்டதும் கிளம்பிடறேன்னு சொல்லி வாசல்ல வந்து நின்னவரும்மா. மழை விட்டுடுச்சுன்னு அவர்கிட்ட சொல்ல, எங்களுக்குத்தான் இன்னும் வாய் வரலை."