நாற்பது நிமிடம்

ஆறு மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், பல் தேய்த்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன். பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன்.

அங்கே இப்போது மனிதர்கள் அழைப்பை எடுப்பதில்லை. இயந்திரமே பேசுகிறது, பதிலைக் கேட்டு, எந்த வீட்டுக்கு முதலில் வண்டி அனுப்புவது என்று அதுவே முடிவு செய்கிறது. போன மாதம் என் மனைவி மதிவதனி, நெஞ்சுவலியோடு வீட்டில் தனியாக இருந்தபோது கூப்பிட்டாள். இயந்திரம் அவளை வரிசையில் கடைசியாக வைத்தது. வண்டி வர நாற்பது நிமிடம். அதற்குள் இதயம் நின்றுவிட்டது.

"ஏன் கடைசி?" என்று அதிகாரியிடம் கேட்டேன்.

"கத்தியிருந்தாங்கன்னா பத்து நிமிஷத்துல வந்திருக்கும் சார். நீங்களே கேளுங்க," என்று பதிவைப் போட்டார்.

"நெஞ்சு வலிக்குதாம்மா?" என்றது ஓர் ஆண் குரல். இயந்திரம் என்றே தெரியவில்லை.

"ஆமாண்ணா. கையும் வலிக்குது. வேர்க்குது."

"வண்டி உடனே வேணுமா?"

மதி யாரையும் அவசரப்படுத்த மாட்டாள். சிலிண்டர் கொண்டுவருபவர் ஒரு நாள் தாமதித்தாலும் மோர் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

பதிவில் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அவள் கடைசியாகப் பேசினாள்.

"டிராஃபிக்கா இருக்கும்ணா. அவசரமில்ல, பார்த்து மெதுவாவே வாங்க."