வலது நெற்றியில் ஒரு மாத்திரை

"சார், உங்க மாடலையும் போட்டியில நிறுத்துங்க."

தட்டச்சுச் சத்தம் எல்லா மேசையிலும் ஒரே சமயத்தில் நின்றது.

கேட்டவள் ஆராய்ச்சி மாணவி. இந்த மூளை ஆய்வகத்துக்கு அவள் வந்த முதல் நாளே மூத்த மாணவி காதோடு காதாகச் சொல்லி வைத்திருந்தாள்: லீவு கேள், கெடு நீட்டிக்கச் சொல்லிக் கேள், சண்டைகூடப் போடு, இதை மட்டும் கேட்டுவிடாதே. மாணவர்கள் தங்கள் மாடல்களை, மூளையின் போக்கைக் கணிக்கும் கணினிக் கணக்குகளை, ஒன்றோடொன்று மோதவிடலாம். பேராசிரியரின் மாடல் மோதாது. அது நடுவர்.

அவளுக்கு அடக்கி வாசிக்கத் தெரியாது. வீட்டிலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள். கேட்டுத்தான் எல்லாம் வாங்கியிருக்கிறாள். கேட்டும் பாதி கிடைத்ததில்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தத் தலையில?"

"போன மாசம் வந்த தலை. உங்க மாடலும் பாக்காதது, என்னோடதும் பாக்காதது."

ஸ்கேனுக்குள் படுப்பவர்களை அங்கே தலை என்றுதான் சொல்வார்கள். பெயர் யாருக்கும் தெரியக் கூடாது. ஓர் எண் மட்டும்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களின் மூளையில் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு இணைந்து வேலை செய்கிறது? அதில்தான் இருவருக்கும் தகராறு. பேச்சின் நெடுஞ்சாலை இடப்பக்கம், உடைந்தால் உடைந்ததுதான், வலப்பக்கம் கேட்பதெல்லாம் வெறும் இரைச்சல் என்றது அவளுடைய மாடல். வலப்பக்கத்துச் சந்துபொந்துகள் மெல்ல மெல்ல அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளும், பேச்சு திரும்பலாம் என்றது பேராசிரியருடையது.

ஆறுதல் மாடல் என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்தவள் அவள்தான். அதுவும் அவர் காதுபடவே.

"நான் தோத்தா?" என்றார் பேராசிரியர்.

"என் தீசிஸ்ல எழுதுவேன்."

"நீ தோத்தா?"

"தீசிஸை முதல்லேர்ந்து எழுதுவேன். வேற என்ன, உங்க முன்னாடி உக்காந்து அழவா முடியும்?"

மூத்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் தன் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். "ஓட விடு."

கணினி மூச்சிரைத்தது. பக்கத்து அறைக்காரர்கள் தேநீர்க் கோப்பைகளோடு வந்து சுவரோரம் சாய்ந்தார்கள். எந்த மாடலின் கணிப்பு எவ்வளவு பலித்தது என்று காட்ட, திரையில் இரண்டு கம்பிகள் எழுந்தன. அவளுடையது உச்சியைத் தொட்டது. பேராசிரியருடையது படுத்தேவிட்டது.

யாரோ மேசையைத் தட்டினார்கள். மூத்தவள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். பேராசிரியர்கூட, மனமில்லாமல், இரண்டு தட்டுத் தட்டினார்.

அவள் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

அங்கே யாரும் படத்தைத் திறந்து பார்ப்பதில்லை. கோப்பு வரும், நேரே கணக்குக்குள் போகும், கம்பியாக வெளியே விழும். அவள் படத்தைத் திறந்தாள்.

ஸ்கேனுக்கு முன்பு வலது நெற்றியில் ஒரு வைட்டமின் மாத்திரையை ஒட்டிவிடுவது அந்த ஆய்வகத்தின் பழக்கம். உள்ளே எண்ணெய் நிறைந்த மாத்திரை. படத்தில் வெள்ளையாய்ப் பளிச்சென்று தெரியும். எது வலம், எது இடம் என்ற குழப்பம் வராது.

வெள்ளைப் புள்ளி இடது நெற்றியில் இருந்தது.

"ஃபைலை வேற ஃபார்மட்டுக்கு மாத்தும்போது படம் இடம் வலமாத் திரும்பியிருக்கு. சரி பண்ணி மறுபடி ஓட்டணும்."

"வாயை மூடிக்கிட்டு இருடி," என்று மூத்தவள் பல்லைக் கடித்தாள். "ஒட்டினவங்க மாத்தி ஒட்டியிருப்பாங்க."

"இல்லக்கா. வலப்பக்கம்தான் ஒட்டினது."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் படத்தைத் திருப்பிப் போட்டு விசையைத் தட்டினாள்.

இம்முறை அவள் கம்பி சரிந்தது. பேராசிரியருடையது மளமளவென்று ஏறி, அவளுடையதைத் தாண்டி, போய்க்கொண்டே இருந்தது.

எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெயித்த பேராசிரியருக்கே தெரியவில்லை.

அப்போது ஒரு சிரிப்புக் கேட்டது. அவள்தான். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணில் நீர் கொட்ட, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? இத்தனை வருஷ உழைப்பு போச்சு."

"போகட்டும்க்கா."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "இப்படி ஒரு நேர்மையை நான்..."

"நேர்மையெல்லாம் ஒண்ணும் இல்ல சார்," என்று பையைத் தோளில் மாட்டினாள். "ஆறுதல் மாடல்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கறேன்."

தாழ்வாரத்தை எட்டும் முன்பே கைபேசியில் அம்மா வந்துவிட்டாள். அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சியைத் தொடர்வதா, விடுவதா என்று மருத்துவமனையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். படிச்சவ நீ, நீ சொல்றதுதான் என்று அம்மா அதை அவள் தலையில் கட்டியிருந்தாள்.

"நிறுத்த வேணாம்மா. நாளைக்கே வர்றோம்னு சொல்லிடு. அப்பாகிட்ட ஃபோனைக் குடு."

அந்த மாத்திரையை ஒட்டியவள் அவள்தான். நரைத்த புருவத்துக்கு மேலே, வியர்வையைத் தன் துப்பட்டாவால் ஒற்றிவிட்டு. அப்போது அப்பா ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. கண் மட்டும் சிரித்தது.

மறுமுனையில் இப்போது அவர் மூச்சு மட்டும்.

"அப்பா, நான் தோத்துட்டேன்ப்பா," என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி வெயிலில் இறங்கினாள்.